பீருக்குள் போகும் பெங்களூரா

போர்ட்லாந்து, ஒரிகன்
ஆடி மாதம்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு அனைவரும் நலம். குடியாத்தத்தில் அத்தை, மாமா, பிள்ளைகள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். "இன்னா மச்சான், நம்ம பெங்களூரா மாங்கூழ அந்த ஊர்ல பீர்ல ஊத்துறாங்களாமே, நெசமா? எப்படி ஊத்துறாங்கன்னு விவரமா எழுது" என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். தோட்டம் வைத்திருப்பவன் கேட்கிற கேள்விக்கு மேலோட்டமாகப் பதில் எழுத முடியாது. அதனால் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் சட்டம். இந்த அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது குற்றமில்லை. 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருக்கிற வீடு என்றால் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். 200 கேலன் என்பது ஏறக்குறைய 757 லிட்டர். விற்கத்தான் கூடாது. நம் பக்கம் நிலைமை வேறு. சேலத்தில் 1937-ல் தொடங்கிய மதுவிலக்கு 1939-ல் நம் வட ஆர்க்காட்டுக்கும் வந்தது. அந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் எதையும் காய்ச்சக் கூடாது. ஆகவே இதை உன் மாங்கூழ் எங்கே போய் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளப் படி, அங்கே செய்துபார்க்க வேண்டாம்.

இந்த ஊரின் அமைப்பே இந்தப் பழக்கத்துக்கு வசதியாக இருக்கிறது. தெற்கே வில்லமெட் பள்ளத்தாக்கு. பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் கொடியும் அங்கேதான் விளைகிறது, ராஸ்பெர்ரியும் மேரியன்பெர்ரியும் அங்கேதான். மேரியன்பெர்ரி இந்த மாநிலத்திலேயே உருவாக்கி 1956-ல் வெளியிட்ட ரகம். இப்போது, நம் ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற இந்த நாட்களில்தான், அது பழுக்கிறது. கூடையோடு தோட்டத்துக்குள் போய் நாமே பறித்து, எடை போட்டுக் காசு கொடுத்து வரலாம். வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கென்றே தனிக் கடைகள் உண்டு. மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்), நொதிக்க வைக்கிற ஈஸ்ட், மூடி அடிக்கும் கருவி எல்லாம் அங்கே கிடைக்கும். மாம்பழம் மட்டும் இந்தியக் கடையிலிருந்து, டின்னில், நம் பக்கத்துச் சித்தூரிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ வந்ததாக இருக்கும்.

இனி விஷயம். பழத்தை பீரில் போட்டால் பழத்தின் இனிப்பு நிற்காது. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை அநேகமாக முழுவதும் தின்றுவிடும். மிஞ்சுவது புளிப்பு, மணம், துவர்ப்பு, நிறம். பழத்தை வாயில் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான். இனிப்பை மனதால் கழித்துவிட்டு மீதி என்ன என்று பார்க்க வேண்டும். இமாம்பசந்தின் அருமையே இனிப்பும் நெய்போன்ற வழவழப்பும். இனிப்பு போனபின் மந்தமாக நிற்கும். புளிப்பும் நாரும் உள்ள பழம் பீரில் தலைநிமிர்ந்து நிற்கும். சந்தையில் சாப்பிடுகிற பழமாக மதிப்புக் குறைந்த பெங்களூராவுக்கு இங்கே மரியாதை கிடைப்பது இதனால்தான்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு: பழம் சேர்த்தால் போதை ஏறும் என்பது. மால்ட் சாறு நொதிக்கும் முன் அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீட்டரில் 1.048 காட்டினால் அதில் சுமார் 12 பிரிக்ஸ், அதாவது நூறு கிராமில் 12 கிராம் சர்க்கரை இருக்கிறது என்று பொருள். பெங்களூரா கூழ் பொதுவாக 14 பிரிக்ஸ். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூழ் சர்க்கரையைக் கொண்டுவரும்போது தண்ணீரையும் கூடவே கொண்டுவருகிறது. ராஸ்பெர்ரியில் சர்க்கரை இன்னும் குறைவு, அதைச் சேர்த்தால் பீரின் வீரியம் சற்று இறங்கவும் செய்யும்.

அடிப்படை பீர் மென்மையாக இருக்க வேண்டும். கருக வறுத்த மால்ட்டும் கடும் கசப்பும் பழத்தை அமுக்கிவிடும். இங்கே வழக்கமான அளவு 5 கேலன், அதாவது 19 லிட்டர். கோதுமை மால்ட் பொடி 2.5 கிலோவைத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். கொதி தொடங்கியதும் கசப்புக் குறைந்த ஹாப்ஸ் 25 கிராம். கடைசி ஐந்து நிமிடத்தில் சிட்ரா என்ற ரகம் 20 கிராம் சேர்த்தால் அதற்கே ஒரு மாம்பழ வாசம் உண்டு, கூழின் மணத்துக்கு அது முட்டுக்கொடுக்கும். 20 டிகிரிக்கு ஆறவைத்து, 30 லிட்டர் கொள்கிற உணவுத்தர வாளியில் ஊற்றி, தன் மணம் அதிகம் காட்டாத ஏல் ஈஸ்ட் 11 கிராம் பாக்கெட் ஒன்றைத் தூவி, ஏர்லாக் (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பு) பொருத்தி மூட வேண்டும். 18 முதல் 20 டிகிரியில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் நுரை அடங்கி ஹைட்ரோமீட்டர் அளவு 1.011-க்கு இறங்கும். நம் வேலூர் வெயிலில் ஈஸ்ட் இந்தச் சுகத்தைக் காணாது. 27, 28 டிகிரிக்கு மேல் போனால் நெயில் பாலிஷ் வாடையும் தொண்டையைச் சுடுகிற காரமும் வந்துவிடும். இங்கே கோடையிலும் அடித்தளத்து அறைகள் குளிர்ந்தே இருக்கும்.

பழம் சேர்ப்பது அந்த நுரை அடங்கியபின். முதல் நாளே போட்டால் என்ன என்று கேட்பாய். முதல் சில நாட்களில் ஈஸ்ட் வெறியோடு வேலை செய்கிறது, கரியமில வாயு குபுகுபுவென்று வெளியேறுகிறது, பழத்தின் மெல்லிய மணங்களையும் கூடவே அடித்துக்கொண்டு போய்விடும். இன்னொரு காரணம் பாதுகாப்பு. அதற்குள் பீரில் 4 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் வந்திருக்கும், அமிலமும் கூடியிருக்கும். பழத்தோடு வருகிற கண்ட கிருமிகளும் அந்தச் சூழலில் எளிதில் தலைதூக்காது.

மாங்கூழ் அளவு லிட்டருக்கு 150 முதல் 250 கிராம். உங்கள் தொழிற்சாலைகளில் அடைக்கிற 3.1 கிலோ பெரிய டின் ஒன்று 19 லிட்டருக்குச் சரியாக அமையும். 850 கிராம் டின் என்றால் நான்கு. டின்னின் மேல்மூடியையும் திறப்பானையும் கிருமிநீக்கித் திரவத்தில் துடைத்துத் திறந்து நேரே ஊற்றலாம். ஏற்கெனவே சூடுபடுத்தி அடைத்தது, மறுபடி காய்ச்ச வேண்டாம். புதுப் பழமாக இருந்தால் தோலும் கொட்டையும் நீக்கிக் கூழாக்கி, 70 முதல் 75 டிகிரியில் பதினைந்து நிமிடம் வைத்து ஆறவிட வேண்டும். கொதிக்க விடவே கூடாது. கொதித்தால் பழத்திலுள்ள, ஜாமை உறைய வைக்கிற பெக்டின் வெளிப்பட்டு பீர் கலங்கியே நிற்கும், மணமும் ஜாம் வாடைக்கு மாறிவிடும். கலங்கலைக் குறைக்கப் பெக்டினை உடைக்கிற நொதிப்பொடி கடையில் விற்கிறது. கூழை பீரில் சேர்ப்பதற்குச் சில மணி நேரம் முன்பே அதில் அரை டீஸ்பூன் கலந்துவைத்தால் நன்றாக வேலை செய்யும். ஆல்கஹாலில் அதன் வேகம் குறைவு.

டின் வாங்கும்போது லேபிளைப் படிப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. மாங்கூழ், சிட்ரிக் அமிலம், அவ்வளவே இருக்க வேண்டும். சேர்க்கைப் பொருளைக் குறிக்கும் ஐ.என்.எஸ். 202, 211, 224 என்ற எண்கள் கண்ணில் பட்டால் திருப்பி வைத்துவிட வேண்டும். அவை சார்பேட், பென்சோயேட், மெட்டாபைசல்ஃபைட். பூஞ்சையும் ஈஸ்ட்டும் வளராமல் தடுக்கவே சேர்ப்பவை அவை, பீரிலுள்ள ஈஸ்ட்டை மட்டும் விட்டுவைக்குமா? பாதியில் நொதித்தல் நின்றுபோகும். சர்க்கரை சேர்த்த கூழும் ஆகாது. அந்த வெள்ளைச் சர்க்கரை முழுதும் ஆல்கஹாலாகி பீரை மெலிந்து, நீர்த்த சுவையாக்கும்.

கூழ் விழுந்ததும் அடங்கியிருந்த ஈஸ்ட் மீண்டும் எழும். 3.1 கிலோ கூழில் 430 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அதில் ஏறத்தாழ பாதி எடை வாயுவாக மாறும், நூறு லிட்டருக்கு மேல் வாயு. வாளி நிறைய பீர் இருந்தால் கூழும் நுரையும் ஏறி ஏர்லாக்கின் சிறு துளையை அடைத்துக்கொள்ளும். பிறகு மூடி தெறித்துக் கூரையில் மாம்பழம் ஒட்டும். நாலில் ஒரு பங்காவது வெற்றிடம் விட்டு, ஏர்லாக்குக்குப் பதில் பெருவிரல் பருமனுள்ள குழாயை மூடியில் செருகி, மறுமுனையைக் கிருமிநீக்கி நிறைந்த ஜாடிக்குள் விட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பழத்தைத் துண்டாகப் போடுவோர் நைலான் வலைப்பையில் கட்டி, கொதிக்க வைத்த எவர்சில்வர் எடை ஒன்றையும் உள்ளே போட்டு மூழ்கடிக்கிறார்கள். மேலே மிதந்து காய்கிற துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும். அதற்காகத் தினமும் மூடியைத் திறந்து எட்டிப்பார்ப்பதும் கெடுதல். திறக்கும்போதெல்லாம் காற்று நுழைகிறது. காடி பாக்டீரியாவுக்கு அந்தக் காற்றே போதும், பீர் புளித்த காடியாகும். அப்படி ஆகாவிட்டாலும் மாம்பழ மணம் மங்கி நனைந்த அட்டை வாடை தலைகாட்டும்.

ஒரு வாரம், இரண்டு வாரம் போதும். பிறகு வாளியைக் குளிர்பெட்டியில் 2 முதல் 4 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் கூழ் அடியில் படியும். தெளிவை மட்டும் சைஃபன் குழாயால் இறக்க வேண்டும். மாம்பழத்தில் வண்டல் அதிகம், இரண்டு மூன்று லிட்டர் அதிலேயே போய்விடும். சேர்க்கும்போதே இந்த நஷ்டத்தையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் சரியாகச் செய்து, குடித்துப் பார்த்தால் "மாம்பழம் எங்கே?" என்று கேட்கிறவர்களே அதிகம். கூழ் குறைந்ததாக நினைத்து அடுத்த முறை இரட்டிப்பாக ஊற்றுவார்கள். குறை பெரும்பாலும் புளிப்பில்தான் இருக்கிறது. நாக்கு மாம்பழத்தை அடையாளம் காண்பது இனிப்பும் புளிப்பும் சேர்ந்த இழுப்பில். இனிப்பு போய்விட்டது, புளிப்பும் இல்லையென்றால் மணம் மட்டும் தனியே தவிக்கும். தயிருக்குப் புளிப்புத் தருகிற லாக்டிக் அமிலம் இங்கே 88 சதவீதத் திரவமாகக் கிடைக்கிறது. லிட்டருக்கு அரை மில்லி, 19 லிட்டருக்குப் பத்து மில்லிக்குச் சற்றுக் குறைவு, அங்கிருந்து தொடங்கலாம். முதலில் நான்கு கோப்பைகளில் அளந்து பீர் ஊற்றி, துளித்துளியாக வேறு வேறு அளவில் விட்டு, எது பிடிக்கிறதோ அந்தக் கணக்கை முழு வாளிக்குப் பெருக்குவதே சரியான வழி. நேரே வாளியில் ஊற்றினால் எடுக்க முடியாது.

இதைவிட அழகான வழி, மால்ட் சாற்றையே முதலில் புளிக்க வைப்பது. கேழ்வரகு மாவைக் கரைத்து இரவெல்லாம் வைத்துக் கூழ் காய்ச்சுகிறோமே, அதே லாக்டிக் வகை பாக்டீரியாதான் இங்கேயும் வேலை செய்கிறது. ஹாப்ஸ் போடாமல் சாற்றைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, 35 முதல் 40 டிகிரிக்கு ஆற்றி, லாக்டோபேசில்லஸ் என்ற அந்த பாக்டீரியாவைச் சேர்த்து ஒரு நாள், இரண்டு நாள் வைக்கிறார்கள். புளிப்பேற ஏற இறங்குகிற பி.எச். அளவு 3.4-க்கு வந்ததும் மறுபடி கொதிக்க வைத்து, அப்போது ஹாப்ஸ் போட்டு, ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஹாப்ஸை முன்பே போட்டால் பாக்டீரியா வளராது, அதனால் வரிசை மாறக் கூடாது. ஜெர்மனியில் கோசே என்றொரு புளிப்பு பீர் உண்டு. அதில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேரும். 19 லிட்டருக்கு அயோடின் இல்லாத உப்பு 15 கிராம், ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதை 20 கிராம், கொதியின் கடைசி ஐந்து நிமிடத்தில். அதன்மேல் பெங்களூரா கூழ். உப்புத் தூவி மாங்காய்ப் பத்தை தின்று வளர்ந்த நாக்குக்கு இதைவிடப் பொருத்தமான பீர் கிடையாது என்பது என் முடிவு.

மற்றப் பழங்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ராஸ்பெர்ரி எல்லாவற்றிலும் எளிது. புளிப்பு, மணம், நிறம் மூன்றும் வலுவாக உண்டு, லிட்டருக்கு 120 கிராம் போதும். உறையவைத்துப் போட்டால் செல்கள் உடைந்து சாறு நன்றாக இறங்கும். ஆனால் உறையவைப்பதால் கிருமி சாகாது. விதையோடு பல வாரம் ஊறவிட்டால் துவர்ப்பு ஏறும். ஸ்ட்ராபெர்ரி ஏமாற்றுக்காரி. லிட்டருக்குக் கால் கிலோ போட்டாலும் மணம் சில வாரத்தில் ஓடிவிடும், நிறமும் வைக்கோலாக வெளுக்கும். பீச் பழ மணம் வேண்டுவோர் ஆப்ரிகாட்டைத்தான் போடுகிறார்கள், நொதித்தபின் பீச்சைவிட அதுவே பீச்சாக மணக்கிறது. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்ற புளிப்பு பீரில் புளிப்புச் செர்ரியை லிட்டருக்கு 200 கிராம் கணக்கில் மாதக்கணக்காக ஊறவைப்பது பழைய வழக்கம். அவர்களும் தேடிப் போடுவது புளிப்புச் செர்ரியைத்தான், தின்கிற இனிப்புச் செர்ரியை அல்ல.

அன்னாசியில் ஒரு சூட்சுமம். அதிலுள்ள புரோமலெய்ன் என்ற நொதி புரதத்தை அறுக்கும். பீரின் நுரை நிற்பதே மால்ட் புரதத்தால்தான். பச்சையாகப் போட்டால் கோப்பையில் ஊற்றிய நொடியே நுரை விழும். 75 டிகிரியில் சூடுகாட்டினால் நொதி செயலிழக்கும். பப்பாளிப்பாலும் அப்படியே, அதன் பப்பெய்ன் சூட்டையும் ஓரளவு தாங்கும். குளிரில் பீர் கலங்காமலிருக்க அந்தப் பப்பெய்னையே சேர்க்கலாம் என்று 1911-ல் இந்த நாட்டில் காப்புரிமை எடுத்திருக்கிறார்கள்.

ஏலகிரி, ஜவ்வாது மலைப் பலாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். டின்னில் பாகில் வருகிற பலாவில் மணம் செத்துவிடுகிறது. புதுச் சுளை கிடைத்தால், ஜெர்மன் கோதுமை பீர் ஈஸ்ட்டோடு சேர்க்கலாம். அந்த ஈஸ்ட்டே வாழைப்பழ வாசம் தரக்கூடியது, பலாவுக்கு ஒத்துப்போகும். புளி நன்றாக வரும். கொட்டை நீக்கிய புளி லிட்டருக்கு 10 கிராம், கடைசிப் பத்து நிமிடம் கொதியில். எலுமிச்சை, ஆரஞ்சு என்றால் மேல்தோல் மட்டும், 19 லிட்டருக்கு 20 கிராம். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசப்பு நாக்கைவிட்டுப் போகாது.

பாட்டிலில் விற்கிற பழ எசன்ஸை விரும்பிச் சொல்ல மாட்டேன். 19 லிட்டருக்கு என்று 118 மில்லி பாட்டில் விற்கிறார்கள். முழுவதும் ஊற்றினால், முக்கியமாகச் செர்ரி என்றால், இருமல் மருந்து வாடைதான். நிஜப் பழம் போட்ட பீரில் மணம் சற்றுக் குறைந்தால், பாட்டிலில் அடைக்கும் நாளில் பாதிக்கும் குறைவாக ஊற்றிச் சரிசெய்யலாம். அதற்கு மட்டுமே அது.

அடைப்பதில் அவசரம் ஆபத்து. ஹைட்ரோமீட்டர் அளவு மூன்று நாள் இடைவெளியில் மாறாமல் நிற்க வேண்டும். கூழ் மிதக்கிற பீரை அப்படியே அளந்தால் எண் பொய் சொல்லும், வடிகட்டி, வாயு போகக் குலுக்கி அளக்க வேண்டும். வாயுவுக்காகச் சேர்க்கும் சர்க்கரை 19 லிட்டருக்கு 110 கிராம், கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்துக் கலப்பது. ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரை நொதித்தால் அந்த பீரின் கொள்ளளவுக்குச் சமமான வாயு உண்டாகும். இந்த 110 கிராமே சரியான அழுத்தத்துக்குக் கணக்கிட்டது. பழச்சர்க்கரை லிட்டருக்குப் பத்து கிராம் மீந்திருந்தால் அழுத்தம் இரட்டிப்பாகும், கண்ணாடி வெடிக்கும். பழ பீரில் காயம்படுவது இப்படித்தான். பழுப்புக் கண்ணாடி, திருகுமூடி இல்லாத பாட்டில்தான் சரி. இந்த மாநிலத்தில் காலி பாட்டிலுக்கு 10 சென்ட் திருப்பித் தருகிறார்கள், இருந்தாலும் பீர் காய்ச்சுகிறவர்கள் அந்தக் காசை விட்டு பாட்டிலைக் கழுவி வைத்துக்கொள்கிறார்கள். அறையில் இரண்டு வாரம் வைத்தபின் குளிர்பெட்டி. மூன்று மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும், மாம்பழம் மூப்பைத் தாங்காது.

உன் பக்கத்து வேலைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. இங்குள்ள சிறு பீர் ஆலைகள் கூழ் வாங்கும்போது கேட்பது பிரிக்ஸ், அமில அளவு, பி.எச்., பாதுகாப்புப் பொருள் இல்லை என்ற உறுதி. அல்போன்சா கூழ் 16 பிரிக்ஸ் என்று விலை கூடும், ஆனால் புளிப்பு பீர் காய்ச்சுகிறவருக்கு அந்த இரண்டு பிரிக்ஸால் லாபமில்லை. நீலம், ருமானி ரகங்கள் கலக்காத தனிப் பெங்களூரா, தனி நீலம் என்று பிரித்து அடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. நீலத்தின் மணம் கடைசிவரை நிற்கும் என்பது என் எண்ணம், ஆனால் தனி நீலக் கூழ் இங்கே கடைகளில் கண்ணில் படுவதில்லை.

உன் பழம் போகிற தொழிற்சாலையில் இந்த ஆண்டு கூழுக்கு எடுத்த பரிசோதனைத் தாளின் நகல் கிடைத்தால் படம் எடுத்து அனுப்பு. அமில அளவு எந்த ரகத்துக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கடைசி அறுவடை நீலத்தில் எத்தனை நாள் பழுக்கவிட்டு ஆலைக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் கேட்டு எழுது.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு. பதில் கடிதம் எதிர்பார்க்கும்,

உன் அன்பு மச்சான்